வல்லூறின் வரவு இடாப்பு

கல்லூரியிலே நாம் பயின்ற காலத்தில், காலைப் பிரார்த்தனை முடிந்து வகுப்பிற் சென்று அமர்ந்ததும் ஆசிரியர் முதற்கண் செய்த கருமம் இடாப்பை விரித்துப் பெயர் கூப்பிடுதலேயாகும். வந்தவனுக்கு ஓர் அடையாளமும் வாராதவனுக்கு வேறோர் அடையாளமும் இடப்படும். வந்தவரை எண்ணுதல் எளிது. அவர் கண்முன்னே அமர்ந்திருக்கின்றனர். இடாப்பின் பெருமையெல்லாம், வாராதவனை அது மறவாமையிலேயே தங்கியிருந்தது. ஒருவன் பல நாள் தொடர்ந்து வாராதிருப்பின், நோயுற்றானோ, வீட்டில் யாது இடர் நேர்ந்ததோ என உசாவி அறிதற்கு அவன் பெயரின் எதிரே விழுந்த அடையாளமே காரணமாயிற்று.

செங்குத்தான பாறை முகங்களிலே குடியிருந்து குஞ்சு பொரிக்கும் ஒரு பறவையினத்தை அழிவினின்றுங் காத்தற்கும் இத்தகையதோர் இடாப்பே முதன்மையாக வேண்டப்படுவது. சட்டம் இயற்றுதலும் சரணாலயம் அமைத்தலும் இன்றியமையாதனவே. ஆயினும், எத்தனை இணைகள் உள்ளன, எத்தனை குஞ்சுகள் பறந்தன, எவ்விடம் வெறிதாயிற்று என்பன ஆண்டுதோறும் எழுதப்படாவிடத்து, அச்சட்டங்கள் கண்ணில்லாத காவலாளரையே ஒக்கும். இவ்வுண்மையை உலகம் கற்றுக்கொண்ட வரலாறு ஒன்றை எடுத்துக்காட்டி, அதனால் நம் நாட்டிற்கு விளையும் படிப்பினையையும் ஈண்டுக் கூற விரும்புகின்றோம்.

பறவையின் இயல்பு

நம்மவர் வல்லூறு என்றும் இராசாளி என்றும் பொதுப்பட வழங்கும் வேட்டைப் பறவைகள் பல. அவற்றுள் யாம் எடுத்துக்கொண்டது, உயிரியலறிஞர் பல்கோ பெரகிரினஸ் எனப் பெயரிட்ட பெருவல்லூறாகும். பெரகிரினஸ் என்னும் இலத்தீன் சொல் நாடு கடந்து செல்லும் யாத்திரிகனைக் குறிக்கும். பெயருக்கு ஏற்ப, அந்தாட்டிக்கா ஒழிந்த எல்லாக் கண்டங்களிலும் இப்பறவை வாழ்கின்றது. பறந்து செல்லும் பிற பறவைகளே இதன் இரை. வானத்தின் உயரத்தினின்று சிறகொடுக்கி இரைமீது பாயும்போது இதன் வேகம் மணிக்கு 300 கிலோமீற்றருக்கும் மேற்படும். பெட்டை ஆணினும் பருத்தது.

இது கூடு கட்டும் வழக்கமுடையதன்று. பூமிசாத்திர நூல்களில் ஓங்கல் எனப்படும் செங்குத்துப் பாறையிலே ஒரு தட்டைத் தேர்ந்து, அங்குள்ள மண்ணையும் பரலையும் சீய்த்துச் சிறு குழி செய்து, பெரும்பாலும் மூன்று அல்லது நான்கு முட்டைகளை இடும். அடைகாக்குங் காலம் ஏறக்குறைய ஒரு மாதம். பொரித்த குஞ்சு ஆறு வாரமளவிற் சிறகு முற்றிப் பறக்கும். ஓர் இணை குடியிருந்த ஓங்கலை அதன் பின்வந்த இணைகளும் விரும்பி அடைவதால், ஒரே பாறை பல தலைமுறையாக இருப்பிடமாய் விளங்குவதுண்டு.

இவ்வியல்பு ஆராய்ச்சியாளனுக்கு நன்மையும் தீமையும் ஒருங்கே பயப்பது. முகவரி மாறாதாகையால் இடாப்பு எழுதுதல் கைகூடும், இஃது நன்மை. தீமை யாதெனின், முதிர்ந்த பறவைகள் பல்லாண்டு வாழ்வன. குஞ்சொன்றேனும் பொரியாத ஓங்கலிலும் அவை வழக்கம்போல் வட்டமிட்டுக்கொண்டிருக்கும். அன்றியும், இணையில் ஒன்று இறப்பின், இருப்பிடம் கிடையாமல் அலைந்து திரியும் வேறொரு பறவை வந்து அவ்விடத்தை நிரப்பும். ஆகவே, இனம் உள்ளூரத் தேய்ந்துவருங் காலத்தும் பார்ப்பவன் கண்ணுக்கு ஒரு குறையும் தோன்றாது. மிகுதியாயிருந்த பறவைகளெல்லாம் தீர்ந்தபின்னரே ஓங்கல்கள் வெறிதாகத் தொடங்கும். அப்போது காலம் மிகக் கடந்திருக்கும்.

முறைப்பாட்டினின்று பிறந்த கணக்கு

இரண்டாம் உலகயுத்த காலத்தில், பிரித்தானிய விமானவீரர் கொண்டுசென்ற தூதுப் புறாக்களை வல்லூறு பிடித்துவிடும் என்று அஞ்சி, அந்நாட்டரசு 1940 ஆம் ஆண்டு அப்பறவையைக் கொல்லக் கட்டளை பிறப்பித்தது. ஏறக்குறைய 600 பறவைகள் சுடப்பட்டன. யுத்தம் முடிந்தபின் கட்டளை நீங்கவே, வல்லூறு மெல்ல மெல்ல மீளத் தலையெடுத்தது. 1954 இல் இயற்றப்பட்ட பறவைகள் பாதுகாப்புச் சட்டமும் அதற்கு அரணாயிற்று.

1960 ஆம் ஆண்டிலே பந்தயப் புறா வளர்ப்போர் அரசினரிடம் ஒரு முறைப்பாடு கொண்டுசென்றனர். வல்லூறுகள் அளவிறந்து பெருகித் தம் புறாக்களை அழிப்பதால் அவற்றுக்கு அளித்த பாதுகாப்பை நீக்கவேண்டும் என்பதே அவர் கோரிக்கை. உண்மையை அறியும்பொருட்டு நாடெங்கும் ஒரு கணக்கெடுப்பு நடத்துமாறு பிரித்தானியப் பறவையியல் நிலையத்தினர் வேண்டப்பட்டனர். டெரெக் ரற்கிளிவ் என்னும் இயற்கையறிஞர் 1961 இலும் 1962 இலும் அதனை முன்னின்று நடத்தினார்.

அவர் கைக்கொண்ட முறை நம் கவனத்துக்கு உரியது. வல்லூறு காணப்படும் இடங்களை மட்டும் தேடிச்செல்லாது, முற்காலத்தில் வல்லூறு குடியிருந்தது என்று பதிவான ஓங்கல்கள் அனைத்தையும் தொகுத்து, அவற்றுள் இயன்றவை எல்லாவற்றுக்கும் கணக்காளரை அனுப்பினார். வெறுமையான பாறையும் வெறுமை என்று எழுதப்பட்டது. விளைவு முறைப்பாட்டுக்கு முற்றும் மாறாயிருந்தது. பறவை பெருகவில்லை, விரைந்து குறைந்துகொண்டிருந்தது. 1963 ஆம் ஆண்டளவில், பிரித்தானியாவிற் குடியிருந்த வல்லூறுகள் யுத்தத்துக்கு முந்திய தொகையிற் பாதிக்கும் கீழே இறங்கிவிட்டன. எஞ்சிய இணைகளுள்ளும் குஞ்சு வளர்த்தவை மிகச் சிலவே. தண்டனை வேண்டி எழுந்த முறைப்பாடே குற்றஞ்சாட்டப்பட்டவனுக்கு நேர்ந்த பேரிடரை வெளிப்படுத்திய வியப்பு இஃதாகும்.

முட்டையோடு கூறிய சான்று

குறைவு தெரிந்தது, காரணம் யாது? தாம் சென்று பார்த்த இருப்பிடங்களில் உடைந்த முட்டைகள் மிகுதியாய்க் கிடப்பதை 1950 களின் தொடக்கந்தொட்டே ரற்கிளிவ் கண்டுவந்தார். முட்டையின் ஓடு மெலிந்திருத்தல் கூடும் என்னும் ஐயம் எழுந்தது. ஆயின், இன்றைய ஓடு மெல்லியது என்று சொல்வதற்கு நேற்றைய ஓட்டின் அளவு தெரிந்திருத்தல் வேண்டுமன்றோ? அவ்வளவை முன்னர் எவரும் எடுத்து வைத்திலர்.

ஈண்டுப் பழைய முட்டை சேகரிப்பாளர் துணைக்கு வந்தனர். பறவையின் முட்டைகளைக் கவர்ந்து, உள்ளீட்டை நீக்கி, ஓட்டைப் பேழையில் அடுக்கிவைக்கும் பொழுதுபோக்கு அந்நாட்டில் நெடுங்காலம் இருந்தது. பறவைகளுக்குத் தீங்காகிய பழக்கமேயாயினும், அவர்களுட் பலர் ஒவ்வொரு முட்டையும் எடுக்கப்பட்ட இடத்தையும் நாளையும் தவறாது எழுதிவைத்திருந்தனர். ஓட்டை உடையாமல் அதன் தடிப்பை அளத்தல் அரிதாகையால், ஓட்டின் நிறையை, அதன் நீளத்தையும் அகலத்தையும் பெருக்கிவந்த தொகையால் வகுத்து, அதனை ஒரு குறியீடாக ரற்கிளிவ் கொண்டார். நூற்றாண்டின் முற்பகுதி முழுவதும் பெரிதும் மாறாதிருந்த அக்குறியீடு 1947 ஆம் ஆண்டளவிற் சடுதியாய் வீழ்ந்திருப்பதை அவ்வோடுகள் காட்டின. சராசரி வீழ்ச்சி ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு. இம்முடிபு 1967 இல் அறிவுலகுக்கு வெளியிடப்பட்டது. அடுத்த ஆண்டே அமெரிக்காவில் யோசேப்பு ஹிக்கியும் அவரோடு உழைத்தவரும் அந்நாட்டு முட்டைகளிலும் அதனையே கண்டனர்.

யுத்தத்தின் பின்னர் வயல்களிலே டி. டி. ரி. என்னும் பூச்சிகொல்லி பரவிய காலமும் அதுவே. இது உடலினுள் டி. டி. ஈ. என்னும் பொருளாக மாறிக் கொழுப்பிலே தங்குவது. பூச்சியை உண்ட குருவியிற் சிறிது சேரும். அத்தகைய குருவிகள் பலவற்றை உண்ட வல்லூறிற் பெரிதும் திரளும். பெட்டைப் பறவையின் உடலில் முட்டையோட்டுக்கு வேண்டிய சுண்ணச்சத்துச் சேர்வதை அது தடுக்கும். தாய் அடைகாக்க அமர்ந்தவுடன் அதன் பாரத்தினாலேயே முட்டை நொறுங்கும். இதன்மேலும், 1950 களின் நடுப்பகுதியில் விதைநெற்றுகளுக்குப் பூசப்பட்ட டியெல்ட்ரின் முதலிய நஞ்சுகள், அவ்விதையை உண்ட புறாக்களின் வாயிலாக முதிர்ந்த வல்லூறுகளையே கொன்றன.

இவ்விரண்டனையும் ஒப்புநோக்குக. ஓடு மெலியத் தொடங்கியது 1947 அளவில். பறவைத்தொகை வெளிப்படையாய் வீழ்ந்தது 1950 களின் பிற்பகுதியில். இடைப்பட்ட காலத்திற் பறவையை மட்டும் எண்ணியவன் யாதொரு பழுதையும் கண்டிருக்கமாட்டான். தலையெண்ணிக்கை மட்டும் போதாது, முட்டையையும் குஞ்சையும் அளந்து வைத்தல் வேண்டும் என்பதற்கு இதனிற் சிறந்த சான்று வேறில்லை.

வெறுமையாய்ப் போன 133 ஓங்கல்கள்

அமெரிக்காவின் கிழக்குப் பாகத்திலே வல்லூறு குடியிருந்த ஓங்கல்களை யோசேப்பு ஹிக்கி அரிதின் முயன்று தொகுத்து, 1942 இல் ஒரு பட்டியலாக வெளியிட்டிருந்தார். அக்காலத்தில் அஃது ஆர்வமுடைய ஒருவரின் குறிப்பு என்ற அளவிலேயே நின்றது. இருபத்திரண்டு ஆண்டுகள் கழிந்து, 1964 இல், பழைய இருப்பிடங்களுள் 133 இடங்களுக்கு ஆராய்ச்சியாளர் மீண்டுஞ் சென்றனர். ஒன்றிலேனும் வல்லூறு இல்லை.

பட்டியல் இல்லாதிருந்தால் அந்த 133 பாறைகளும் வெறும் பாறைகளே. அங்கே ஏதோ இல்லாமற்போயிற்று என்பதைக் கூற ஒருவரும் இருந்திரார். ஹிக்கி 1965 இல் விஸ்கொன்சின் பல்கலைக்கழகத்தில் உலக அறிஞரை ஒன்றுகூட்டி இவ்விடயத்தை ஆராயச் செய்தார். 1970 இல் வல்லூறு அழிவை எதிர்நோக்கும் இனமாக அறிவிக்கப்பட்டது. 1972 இல் அந்நாட்டில் டி. டி. ரி. பெரும்பாலும் தடைசெய்யப்பட்டது. கோர்னெல் பல்கலைக்கழகத்திலே தொம் கேட் என்னும் பேராசிரியர் தொடங்கிய முயற்சியாலும், அதுபோன்ற பிற முயற்சிகளாலும், காப்பிடங்களிற் பொரித்து வளர்த்த வல்லூறுகள் வட அமெரிக்காவெங்கும் ஆயிரக்கணக்கில் வெளியே விடப்பட்டன. 1999 ஆம் ஆண்டு அப்பறவையின் பெயர் ஆபத்துப் பட்டியலினின்று நீக்கப்பட்டது.

வெற்றிக்குப் பின்னும் விழிப்பு

பெயர் நீங்கியதோடு வேலை முடிந்ததென அவர்கள் இருந்துவிடவில்லை. 2003 இலிருந்து மூன்று ஆண்டுக்கு ஒருமுறையாக 2015 வரை வல்லூறைத் தொடர்ந்து கவனிக்கும் திட்டமொன்று வகுக்கப்பட்டது. குடியிருக்கும் ஓங்கல்களின் வீதம், குஞ்சு பறந்த இருப்பிடங்களின் வீதம், இணையொன்றுக்குப் பறந்த குஞ்சுகளின் தொகை என்னும் மூன்றும் அதன் அளவுகோல்கள். பிரித்தானியாவிலும் 1961 க்குப் பின் ஏறக்குறையப் பத்தாண்டுக்கு ஒருமுறை கணக்கெடுப்பு நிகழ்ந்து வந்துள்ளது. 2014 ஆம் ஆண்டுக் கணக்கின்படி மொத்தத்தொகை 1,700 இணைகளுக்கு மேற்பட்டது. ஆனால், தாழ்நிலங்களிலும் நகரங்களிலும் பறவை பெருகிய அதே வேளையில், வடபால் மலைப்பகுதிகள் சிலவற்றில் அது குறைந்திருந்தமையையும் அக்கணக்கே வெளிப்படுத்தியது. மொத்தத்தை மட்டும் நோக்கியிருப்பின் இக்குறைவு மறைந்துபோயிருக்கும். 2021 க்குப் பின் உலகெங்கும் பரவிய பறவைக் காய்ச்சலினால் வல்லூறுகளும் மடிந்துள்ளன. ஒரு பகை ஒழிந்த இடத்தில் மற்றொரு பகை தோன்றும், இடாப்பு மூடப்படுதற்குரியதன்று.

இலங்கையர்க்கு இவ்வுண்மை வேறொரு வகையில் நன்கு தெரிந்ததே. 1934 ஆம், 1935 ஆம் ஆண்டுகளிலே நம் நாட்டிற் பல பதினாயிரவரை மாய்த்த மலேரியாக் காய்ச்சலை, யுத்தத்தின் பின் வீடுகளிலே தெளிக்கப்பட்ட டி. டி. ரி. அடக்கிற்று. வல்லூறுக்கு நஞ்சாகிய அதுவே நம்மவருக்கு உயிர்மருந்தாயிருந்ததை மறத்தல் நன்றியாகாது. பழுதெல்லாம், விளைவை அளவாது வயல்வெளியெங்கும் அதனைச் சொரிந்தமையிலேயே இருந்தது. 1963 இல் இலங்கை முழுவதிலும் 17 பேருக்கே மலேரியா கண்டதாகப் பதிவாயிற்று. வெற்றி கிடைத்ததென்று தெளிப்பு நின்றது, கண்காணிப்பும் தளர்ந்தது. 1969 இல் நோயுற்றோர் தொகை ஐந்து இலட்சத்துக்கு மேற்பட்டது. மீண்டும் நெடுங்காலம் போராடி, 2016 இலேயே மலேரியா அற்ற நாடு என்னும் சான்றினை நாம் பெற்றோம். எண்ணுவதை நிறுத்திய நாளே இடருக்கு வாயில் திறந்த நாள் என்பதற்கு நமது சரித்திரமே சாட்சி.

நம் நாட்டு ஓங்கல்கள்

இலங்கையில் நிலையாக வாழ்வது பெருவல்லூறின் ஒரு கிளையினம். ஷாஹீன் என்னும் பாரசீகப் பெயரால் அது வழங்கும். முதுகு கரியது, வயிறு செந்நிறமானது. இலங்கைக்கும் சுமாத்திராவுக்கும் இடைப்பட்ட கடலிலே கப்பலிற் பிடிபட்ட பறவையொன்றைக் கொண்டு, சுவீடன் நாட்டறிஞர் சுந்தேவால் 1837 இல் இதனை முதன்முதல் விவரித்தார். இந்தியா முதலிய அயல்நாடுகளிலும் இது உண்டு. நம் நாட்டிற் சிகிரியாப் பாறை இதன் பேர்பெற்ற இருப்பிடம். 1990 களில் நிகழ்ந்த ஓர் ஆராய்ச்சி, இலங்கையிற் குடியிருக்கும் இணைகளை ஏறக்குறைய நாற்பது என மதிப்பிட்டது. நாற்பது இணை என்பது ஒரு வகுப்பு மாணாக்கரின் அளவு. அத்தனை சிறிய வகுப்பில் நால்வர் வாராது போயினும் பத்திலொரு பங்கு போயிற்றென்றே கொள்ளல் வேண்டும்.

இனி, இத்தகைய பறவைக்கு வேண்டிய ஆராய்ச்சிகளை முறைப்படுத்திக் கூறுவாம்.

முதலாவது, ஓங்கல்களின் பட்டியல். பறவை உள்ளனவும், முன்னர் இருந்தனவும், இருத்தற்கு ஏற்றனவுமாகிய பாறைகள் யாவும் அதில் இடம்பெறல் வேண்டும். பறவையுள்ள பாறைக்கே மீண்டும் மீண்டும் சென்று, வெறிதான பாறையைக் கைவிடுதல் மனித இயல்பு. அவ்வாறு செய்யின், இனம் பாதியாய்க் குறைந்தபோதும் நம் ஏடு அதனைக் காட்டாது.

இரண்டாவது, ஒரே முறையில் நிகழும் வருகை. ஒருநாட் சென்று பறவையைக் காணாமையால் அஃது அங்கில்லை எனத் துணிதல் கூடாது. இணை சேருங் காலத்திலும், அடைகாக்குங் காலத்திலும், குஞ்சு வளருங் காலத்திலுமாகப் பன்முறை செல்லவேண்டும். நம் நாட்டில் இக்காலம் பெரும்பாலும் மார்கழி தொடக்கம் சித்திரை ஈறாகவுள்ளது. எத்தனை மணி நேரம், எவ்விடத்தினின்று, எத்தகைய வானிலையிற் பார்த்தோம் என்பதும் எழுதப்படுதல் வேண்டும்.

மூன்றாவது, குஞ்சுகளின் கணக்கு. இணையொன்றுக்கு ஆண்டுதோறும் பறந்த குஞ்சு எத்தனை என்பதே இனத்தின் வருங்காலத்தை முன்கூட்டி உரைப்பது.

நான்காவது, நஞ்சின் அளவீடு. பொரியாத முட்டை, உடைந்த ஓடு, உதிர்ந்த இறகு ஆகியவற்றைக் குப்பையெனத் தள்ளாது, உரிய அனுமதியுடன் எடுத்து, இடமும் நாளும் குறித்து, நூதனசாலையிற் சேமித்தல் வேண்டும். இன்று அவற்றினின்று யாது அறியலாகும் என்பது தெரியாதிருக்கலாம். 1900 ஆம் ஆண்டில் முட்டைக்கு நாள் குறித்தவனும் டி. டி. ரி. யைப் பற்றி அறிந்தானல்லன்.

ஐந்தாவது, மனிதரால் நேரும் இடையூறு. சுற்றுலாப் பயணிகள் திரளும் மாதங்களும் வல்லூறு அடைகாக்கும் மாதங்களும் பெரும்பாலும் ஒன்றே. பாறையேறுதல், கல்லுடைத்தல், காட்டுத்தீ முதலியன குஞ்சுகளின் தொகையை எவ்வளவிற் குறைக்கின்றன என்பது, இடையூறுள்ள ஓங்கலையும் அஃதில்லாத ஓங்கலையும் பல ஆண்டு ஒப்புநோக்கினால் மட்டுமே தெளிவாகும்.

ஆறாவது, காப்போனே கேடு செய்யாமை. ஆராய்ச்சியாளன் ஓங்கலை நெருங்கினால் தாய் பறந்துவிடும். முட்டை வெயிலிற் காயும். ஆதலின் தொலைநோக்கியின் துணைகொண்டு எட்ட நின்று பார்த்தலே முறை. வேட்டைக்குப் பழக்குதற்காகக் குஞ்சைத் திருடுவோர் பல நாடுகளில் உளர். ஆகவே, இருப்பிடப் பட்டியல் பொறுப்புடையார் கையிலேயே இருத்தல் தகும்.

எம் கடன்

இவையெல்லாம் திணைக்களத்தாரும் பல்கலைக்கழகத்தாருமே செய்தற்குரியன என எண்ணி நாம் அமைந்துவிடலாகாது. ஹிக்கியின் பட்டியலுக்கும் ரற்கிளிவின் கணக்குக்கும் துணைநின்றோருட் பெரும்பாலார் சம்பளம் பெறாத ஆர்வலரே. இலங்கையிலும் 1943 இல் தோன்றிய இலங்கைப் பறவைக் கழகத்தார் போன்றோர் குறிப்பெழுதும் மரபைப் பேணி வந்துள்ளனர். யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஓங்கல் இல்லையே என்று வடபுலத்து மாணாக்கர் வருந்தவேண்டியதில்லை. வட துருவத்தை அடுத்த நிலங்களினின்று மாரிகாலத்தில் இலங்கைக் கரையோரங்களுக்கு வரும் வேறொரு வல்லூறுக் கிளையினமும் உண்டு. களப்புகளிலே நீர்ப்பறவைகள் கூடும் காலத்தில், ஒரு குறிப்புப் புத்தகத்துடன் அமர்ந்து, கண்டதை மட்டுமன்றிக் காணாததையும் நாள் குறித்து எழுதும் பழக்கத்தை நம் கல்லூரி மாணாக்கர் கைக்கொள்வாராயின், அஃது இருபது முப்பது ஆண்டின்பின் விலைமதித்தற்கரிய ஆவணமாகும். அவ்வேடு ஒருவர் கையினின்று மற்றொருவர் கைக்கு மாறி வரவேண்டுமாகையால், தலைமுறை தோறும் மாணாக்கர் வந்துகொண்டேயிருக்கும் கல்லூரியிலும் அதற்கேற்ற இடம் வேறு யாது?

விழாக் காலத்தில் ஒன்றுகூடும் பழைய மாணவராகிய நாம், வந்திருப்போரைக் கண்டு மகிழ்கின்றோம். வாராதாரை நினைந்து உசாவுகின்றோம். ஓங்கலிலே வாழும் அந்த யாத்திரிகப் பறவைக்கும் அவ்வளவினதாகிய அன்பையே வேண்டுகின்றோம். ஆண்டுதோறும் அதன் பெயரைக் கூப்பிடுக. விடை வாராதாயின், அதனையும் தவறாது இடாப்பில் எழுதுக.